ரௌஷான் எழுந்திருக்கவில்லை

அல்மாட்டி இசைக்குழுவில் ரௌஷான் வயோலா வாசித்தாள். வயலினுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் அந்த வாத்தியத்தை ஊரில் பாதிப்பேர் வயலின் என்றே சொன்னார்கள். அவளும் திருத்திப் பார்த்து விட்டுவிட்டாள். கணவன் தோலேகன் அதே குழுவில் பித்தளைக் கொம்பு ஊதினான். குழுவை நடத்தியவர் கப்தேஷ். கசாக்கியரின் சிம்பொனி என்றாலே அவர் பெயர்தான். அவர் மெட்டமைத்த பாட்டைப் பள்ளிக்கூடத்தில் பாடாத பிள்ளை கிடையாது. கையில் குச்சியோடு நின்றால் மகாராஜா, நாக்கில் மட்டும் தேள்கொடுக்கு.

ஒருநாள் ஒத்திகையில் தோலேகனுக்குச் சுரம் பிசிறியது. முந்தின நாள்தான் முன்பல்லைப் பிடுங்கியிருந்தான். அதைக் கேட்க யாருக்குப் பொறுமை?

"நீ போய் ஆட்டு மந்தைக்கு ஊதுடா. அதுங்க குறை சொல்லாது" என்றார் கப்தேஷ்.

குழுவே சிரித்தது. கொம்பைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனவன் திரும்பவேயில்லை. ரயிலடியில் நிலக்கரி அள்ளினான், குடித்தான், சளி நெஞ்சில் கட்டிச் செத்தும் போனான். ரௌஷான் அதே குச்சியைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். மகள் அல்தினாயை வளர்க்க வேண்டுமே.

கப்தேஷ் ஓய்வுபெறும் கச்சேரி வந்தது. கைதட்டல் எழும்போது நடத்துநர் கையை உயர்த்துவார், குழு எழுந்து நிற்கும். அன்று எழுவதில்லை என்று ரௌஷான் மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஊர் பார்க்க ஒருமுறையாவது அந்த மனிதரின் முகம் கறுக்க வேண்டும்.

கை உயர்ந்தது. அவள் அசையவில்லை. யாருமே அசையவில்லை!

கைதட்டல் முழுக்க உங்களுக்கே என்று சொல்ல, குழு எழ மறுத்து உட்கார்ந்திருப்பதுண்டு. நடத்துநருக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. இது அவளுக்குத் தெரியாததல்ல. இத்தனை பேரை வதைத்தவருக்கு இந்தக் குழு அதைச் செய்யும் என்று மட்டும் நினைக்கவில்லை. இப்போது வெறுப்பைக் காட்ட அவள் ஒருத்தி எழுந்து நிற்க வேண்டும். காலை ஊன்றினாள். கிழவர் அழுதுகொண்டிருந்தார். அவளால் முடியவில்லை.

அவர் நாற்காலிகளை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"நீ எழுந்துடுவேன்னு பயந்தேன் தாயி. தோலேகன் விஷயத்துல நான் பாவி. மன்னிச்சு ராசியாயிட்டியா?"

"ராசிதான் அகா" என்று, மூத்தவரை அழைக்கும் மரியாதையோடே சொன்னாள்.

பனி உருகுமுன் கப்தேஷ் போய்விட்டார். இறந்த நாற்பதாம் நாள் நினைவு விருந்தில் அவர் மனைவி ரௌஷானைக் கட்டிக்கொண்டு, நீ ராசியானதைச் சொல்லிச் சொல்லியே நிம்மதியாகக் கண்ணை மூடினார் என்று அழுதாள். அல்தினாய் பக்கத்தில்தான் இருந்தாள். தெருவுக்கு வந்ததும் கேட்டாள்.

"அந்த மன்னிப்பு அப்பா குடுக்க வேண்டியதும்மா. நீ எப்படிக் குடுத்தே?"

ரௌஷான் நடுத்தெருவில் நின்று அழுதாள். தோலேகன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அன்று பழி முழுக்கக் கப்தேஷ் மேல் இருந்தது.