எண்ணெய்ச்சட்டி வைக்காத கிறிஸ்மஸ்

என் மளிகைக் கடை கத்தாரில், அல்கோரில் இருக்கிறது. ராஸ் லஃபான் எரிவாயு ஆலைகளில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள்தாம் வாடிக்கை. யார் வீட்டில் என்ன சமையல் என்று கூடையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நான் அதைத் திறமை என்பேன். என் மனைவி அஸ்மத் பீவி வம்பு என்பாள்.

கமலேஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரி. ஓர் இத்தாலி எஞ்சினியர் வீட்டில் சமையல் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பாள். டிசம்பர் பிறந்தால் மட்டும் கொஞ்சம் பேச்சு வரும். அந்த வீட்டு அம்மாள் ரொசாரியாவின் ஊரில் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் பெத்தோலே சுடாத வீடே கிடையாதாம். ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த தளர்ந்த மைதா மாவை முஷ்டியில் பிதுக்கி எண்ணெயில் விட்டு, பொன்னிறமாக எடுத்துச் சீனியில் புரட்ட வேண்டும். ரொசாரியாவுக்குத் தீராத மணிக்கட்டு வலி. அதனால் வருஷா வருஷம் சுடுவது கமலேஸ்வரிதான்.

"எங்கட வாய்ப்பன் மாதிரித்தான் நானா. வாழைப்பழம் மட்டும் இல்லை" என்பாள். அவள் ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்களாம்.

2006 டிசம்பரில் மாவு எடுத்தாள், ஈஸ்ட் எடுத்தாள். எண்ணெய் டின்னைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, இந்த வருசம் ஆவியில அவிக்கப் போறியா?" என்று கேலி செய்தேன்.

"அம்மா ஐப்பசியில செத்துப்போனா நானா."

போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக்கிடந்த வருஷம் அது. அவளால் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சாவு நடந்த வீட்டார் வருஷத் திவசம் முடியும்வரை பண்டிகைக்கு எண்ணெய்ச்சட்டி வைத்துப் பலகாரம் சுடுவதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அம்மாவுக்காக மகள் செய்ய மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"மேடத்துக்கிட்ட சொன்னியா?"

"சொல்லேல்லை. அழுமூஞ்சியை ஆர் வேலைக்கு வச்சிருப்பினம்?"

சும்மா இருந்திருக்கலாம். யோசனை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராதே. "அவங்க பண்டிகை, அவங்க அடுப்பு. உனக்கென்னம்மா வந்துச்சு?" என்றேன்.

அவள் முறைத்தாள். "சட்டியில மா விடுற கை என்ர கைதானே?"

பிறகு நடந்ததை அவளே வந்து சொன்னாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மதியம் மாவு பொங்கி நின்றது. மாலையில் விருந்தாளிகள் வர இருந்தார்கள். கமலேஸ்வரி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் ரொசாரியாவிடம் சொல்லிவிட்டாள்: அம்மா இறந்துவிட்டாள், இந்த வருஷம் எண்ணெய்ச்சட்டி வைக்கமாட்டேன். ரொசாரியா "உன் அறைக்குப் போ" என்றாள், அவ்வளவுதான்.

வேலை போயிற்று என்றே கமலேஸ்வரி நினைத்தாள். அவள் விசா அந்த வீட்டுக்காரர் கையில் இருந்தது. அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். சமையலறையில் எண்ணெய் சடசடவென்று பொரியும் சத்தம் கேட்டது.

அவள் அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று சமையலறைக்குள் திறக்கும், மற்றது வெளியே சந்துப் பக்கம். தட்டப்பட்டது வெளிக்கதவு. திறந்தால், துணி மூடிய தட்டோடு ரொசாரியா நின்றாள். மணிக்கட்டில் கட்டு, விரலில் புதுக் கொப்புளம். முன்வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"எங்கள் ஊரிலும் சாவு நடந்த வீட்டில் பெத்தோலே சுடமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுப்பாள். இங்கே உனக்குப் பக்கத்து வீடு நான்தான்" என்றாள். கட்டிலில் திறந்துகிடந்த பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. ஐப்பசியிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகையை எல்லாம் கமலேஸ்வரி அந்த வாசற்படியிலேயே அழுது தீர்த்தாள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மனசு தாங்கவில்லை. அதை மறைக்க, "பெத்தோலே எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"ஒவ்வொண்டுக்கும் வால். உள்ளுக்க வேகேல்லை. உப்பும் கூடிப்போச்சு."

"அப்புறம்?"

"எல்லாத்தையும் சாப்பிட்டன். அம்மாட செத்தவீடெண்டு என்ர வாசலுக்கு வந்த ஒரே ஆள் அவதானே, நானா."