நாக்கில்லாத மணி

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவன், எது நடந்தாலும் ஆதாரம் தேடி முதலில் லாக் ஃபைலைத் திறந்து பார்க்கிற ரகம். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் பிரியாணித் தட்டோடு எழுந்து அடுத்த மேஜைக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன்.

அப்பா இறந்தபோது என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், வெளியே போனால் திரும்பி வருவது சந்தேகம் என்று லாயர் கையை விரித்துவிட்டார். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம், சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கியதும் கோயில் மணி விட்டு விட்டு ஒலிக்க ஆரம்பிக்கும், கல்லறைத் தோட்டம் போய்ச் சேரும்வரை நிற்காது. ஆனால் இரண்டு கோஷ்டிச் சண்டையில் எங்கள் கோயிலைப் பூட்டி சீல் வைத்திருந்தார்கள். கடைசியாகப் பேசியபோது அப்பாவுக்கு அது ஒன்றுதான் கவலை.

“என்னை மணி அடிக்காமலாய்யா தூக்கிட்டுப் போவாவ?”

“அதுக்குள்ள தொறந்துருவாங்கப்பா, நீங்க மொதல்ல மாத்திரையப் போடுங்க” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். திறக்கவில்லை.

நியூ ஜெர்ஸியில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. நாங்கள் குடியிருக்கும் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து டிரைவ் பண்ணிப் போய், ஒரு பழைய பட்டு ஆலை ஊரில் இருக்கும் கல் கோயிலில் கூடுவோம். இங்கிலாந்தின் ஆலை நகரம் ஒன்றிலிருந்து தறி ஓட்ட வந்தவர்கள், தங்கள் ஊர்க் கோயிலைப் போலவே கட்டியது அது. மணியையும் அங்கிருந்தே கப்பலில் வரவழைத்தார்களாம். இனி திரும்பிப் போகப்போவதில்லை, நம்மை அடக்கம் பண்ணும்போதாவது ஊர் மணி ஒலிக்கட்டும் என்று. இதைச் சொன்னவர் அந்தக் கோயில் சாவியை வைத்திருக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி டோரதி ஆன்ட்டி. கோபுரம் பலமில்லை என்று அந்த மணியை எப்போதோ இறக்கி, உள்ளே தொங்கும் இரும்பு நாக்கையும் கழற்றிவிட்டு, வாசல் அறையில் ஒரு மரக்கட்டைமேல் வைத்துவிட்டார்கள். நம் ஆட்கள் அதன்மேல் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள்.

ஊரில் சாயங்காலம் அடக்கம், இங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. டோரதி ஆன்ட்டி கதவைத் திறந்துவிட்டார். பாஸ்டரும் நாலைந்து குடும்பங்களும் வந்திருந்தார்கள். டிவியில் வீடியோ கால் போட்டோம், எங்கள் பக்கத்துச் சத்தம் அங்கே போகக்கூடாது என்று என் மனைவி ஸ்டெல்லா மியூட் பண்ணிவிட்டாள். திரையில் அப்பாவின் பெட்டியைத் தூக்கினார்கள். அம்மா கூடவே ரெண்டு அடி வைத்தாள். தோள் கொடுக்க வேண்டியவன் நான், ஏழு கடல் தாண்டி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கத்தி அழலாம் போலிருந்தது.

அப்போது மணி அடித்தது.

கண கண என்று இல்லை. ஒன்று. அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. மறுபடி ஒன்று. எங்கள் ஊரில் சாவுக்கு அடிப்பது போலவே. ஊரில் பூட்டைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்து ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன். மணி நிற்கவில்லை. மேலேயிருந்து, அந்தக் காலிக் கோபுரத்திலிருந்து வந்தது. நம்பினால் நம்புங்கள், பெஞ்சு அதிர்ந்தது என் தொடைக்குத் தெரிந்தது. பாஸ்டர் பைபிளை மூடிவிட்டு எழுந்து நின்றார், எல்லோரும் எழுந்தார்கள். டோரதி ஆன்ட்டி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கூரையையே பார்த்தார்.

வாசல் அறைக்கு ஓடினேன். மணி கட்டைமேல் இருந்த இடத்தில்தான் இருந்தது, மேலே யாருடைய ஜாக்கெட்டோ கிடந்தது. அதை விலக்கிவிட்டுக் கை வைத்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் என் உள்ளங்கைக்குக் கீழே வெண்கலம் சிலிர்த்தது. எனக்குப் பயமே வரவில்லை. அப்படியே முழங்கால் போட்டுவிட்டேன், ஏனென்று கேட்காதீர்கள். பெட்டி கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டியதும் மணி நின்றதென்று ஸ்டெல்லா வந்து சொன்னாள். ஒருவர்கூட இதை ரெகார்ட் பண்ணவில்லை. டெஸ்டிங்கில் இருக்கும் எனக்கே தோன்றவில்லை.

அன்றைக்கே அம்மா கூப்பிட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள்.

“எய்யா, நம்ம கோயிலைத் தொறந்து மணி அடிச்சது யாருன்னே தெரியல. கல்லறை வரைக்கும் அடிச்சுதுய்யா! அப்பா மனசு குளுந்திருக்கும்.”

பெரியப்பா மகனை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். பூட்டும் சீலும் வைத்தது வைத்தபடி இருந்தன. நாங்கள் மியூட்டில் இருந்தோம், அதையும் மறந்துவிடாதீர்கள்.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. இன்றைக்கும் ராத்திரி ஜெபத்தில், கோயிலைத் திறந்த அந்தப் பிள்ளையை ஆசீர்வதியும் என்று சேர்த்துக்கொள்கிறாள். “பேரு தெரிஞ்சா பேரைச் சொல்லி ஜெபிப்பேம்லா, விசாரிச்சுச் சொல்லுய்யா” என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாள். விசாரிக்கிறேம்மா என்கிறேன். யாரிடம் போய் விசாரிப்பது, நீங்களே சொல்லுங்கள்.