யாரு வூட்ல திருடினான்?

நான் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கச்சிராயபாளையத்தை ஒட்டி, மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்னச் சபைக்கு என்னை உபதேசியாராக அனுப்பினார்கள். ஓடு போட்ட கோயில். சபையார் பெரும்பாலும் கரும்பு வெட்டப் போகிற கூலிக்காரர்கள். அவர்கள் 'இன்னா' என்று கேட்டால் என்னை அதட்டுகிறார்களோ என்று முதல் வருஷம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை. நடுப்பகல் ஆராதனையில், இயேசுவோடு சிலுவையில் தொங்கிய திருடனைப் பற்றிப் பேசினேன். கடைசி நேரத்தில் ஒரே ஒரு வேண்டுதல், அவனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து நின்றாள்.

"ஒரு நிமிசம் இருங்க ஐயா. அந்தத் திருடன் யாரு வூட்ல திருடினான்? அந்த வூட்டுக்காரங்கள யாராச்சும் கேட்டாங்களா?"

கோயிலில் இருந்த எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே கடைசி வரிசையில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆடு திருடி ஜெயிலுக்குப் போனவன். ஜெயிலில் சுவிசேஷம் கேட்டு மனம் மாறி, அந்த வருஷம்தான் ஞானஸ்நானம் பெற்றிருந்தான். அவன் மலைக்கு ஓட்டிக்கொண்டுபோய் விற்ற ஆடுகளில் இரண்டு அவளுடையவை. ஒன்று சினை ஆடு.

எப்படியோ ஜெபம் பண்ணி முடித்தேன். சபை மூப்பர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். வடக்கனந்தலில் சொந்த நிலத்தில் மரவள்ளி போடுகிறவர், நல்ல மனிதர். "அடுத்த வருசம் அந்தத் திருடன் விசயத்த கொஞ்சம் கம்மி பண்ணிக்கங்க. அன்பு, சமாதானம்னு பேசுனா யாருக்கும் நோவாது" என்றார்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்தத் திருடனைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அவனிடம் பறிகொடுத்தவர் என்று ஒருவர் இருந்திருப்பார் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கு எது வலித்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. ஈஸ்டர் கழிந்து இரண்டாம் நாள் அவள் வெட்டிக்கொண்டிருந்த கரும்புக் கொல்லைக்கே போனேன். சாப்பாட்டு நேரம். வரப்பில் புங்கமர நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் மோட்சத்துக்குப் போவட்டும் ஐயா, நான் வேணான்னு சொல்லல. ஆனா சாமி மன்னிச்சிட்டாருன்னு என் எதுருலயே பாட்டு பாடிக்கினு போறான். என்னாண்ட ஒரு வார்த்த பேசல. பறிகொடுத்தவ நானு."

"அவனுக்கு மன்னிப்பு உண்டும்மா. அதை நான் மாத்திச் சொல்ல முடியாதே."

"மாத்தச் சொல்லல. எனக்குப் புடிக்கல, அவ்ளோதான்."

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவன் ஞானஸ்நானத்துக்கு நான்தான் பாடம் சொல்லிக்கொடுத்தேன். ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் வராமல் போய்விடுவானோ என்று நினைத்தேனோ என்னவோ.

சில வாரம் கழித்து, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூல்காரனைப் பற்றிப் பிரசங்கித்தேன். பறித்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றவன் அவன். ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே வழி மறித்தான், ஆடு திருடிய நம்முடைய ஆள்.

"அன்னைக்கி எல்லாம் தீந்துபோச்சுன்னீங்க. இன்னைக்கி திருப்பிக் குடுன்றீங்க. எது ஐயா மெய்யி?"

"ரெண்டும்தான்."

"அப்ப என்னால ஆவாது." அடுத்த வாரத்திலிருந்து அவன் வரவில்லை.

"மொதல்ல அவளுக்குக் கோவம், இப்ப அவனுக்கு. இப்படியே போனா நீங்களும் நானும்தான் மிஞ்சுவோம்" என்றார் மூப்பர். எனக்கும் கலக்கம்தான். ஆனாலும் விசித்திரமாக இருந்தது. சும்மா கிடைக்கிறது என்றதும் பறிகொடுத்தவளுக்குக் கோபம். செலவு உண்டு என்றதும் பறித்தவனுக்குக் கோபம். இரண்டு பேருக்கும் நோகாத ஒரு பிரசங்கத்தை எழுத ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். 'பிரியமானவர்களே' என்பதற்கு மேல் நகரவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள், டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அவளே வந்து சொன்னாள்.

"ஒரு ஆட்ட புடிச்சிக்கினு வூட்டாண்ட வந்தான் ஐயா. 'இப்பத்திக்கி ஒண்ணுதான், இன்னொண்ணு அப்புறம்'னு சொல்லிட்டு கட்டிட்டு நின்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. தண்ணி வச்சேன்."

"அவனுக்கா?"

"ஆட்டுக்கு." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, "அவனும் கேட்டான், குடுத்தேன்" என்றாள்.

அடுத்த பெரிய வெள்ளிக்கிழமை எதையும் குறைக்காமல் அதே திருடனைப் பற்றிப் பேசினேன். அவள் பாயில் உட்கார்ந்து கேட்டாள். அவள் முகத்திலிருந்து என்னால் எதையும் படிக்க முடியவில்லை. அவனும் வந்திருந்தான். ஈஸ்டர் அன்று ஆயர் வந்து திருவிருந்து கொடுத்தபோது, அவள் ஒரு கோடியிலும் அவன் மறு கோடியிலும் முழங்கால் போட்டார்கள். நடுவில் மூப்பர் இருந்தார்.

இன்னொரு ஆட்டை அவன் கொடுத்தானா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோடையிலேயே என்னை எலவனாசூர்கோட்டைப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.