வீடு காட்டப் போன ஆரோக்கியமேரி

சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கனோடு காத்திருந்தேன். மதியம் இரண்டரை மணி இருக்கும். ஆரோக்கியமேரி அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "சொல்லுக்கா" என்றேன். பேசியது ஓர் ஆண் குரல்.

"ஹலோ, இந்த போன் வச்சிருந்த லேடி மாடியில இருந்து விழுந்துட்டாங்க. கடைசியா உங்க நம்பர் இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன். நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சு. யாராவது வந்து பாத்துக்கங்க."

"யாரு, மேரி அக்காவா?"

"பேரு தெரியல மேடம். வீடு காட்ட வந்த புரோக்கரம்மா. நாங்க கெளம்பணும். நாலு மணிக்குப் பாண்டிச்சேரியில இன்னொரு வீடு பாக்கணும்."

அதற்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மனிதருக்கும் அவர் மனைவிக்கும் ஐந்து வீடுகளைக் காட்டியிருந்தார் அக்கா. அவர்களுக்காகப் பூசைக்குப் போகாமல் வெயிலில் அலைந்தார். அவர் பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது காரும் இல்லை, அவர்களும் இல்லை. பக்கத்து உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நான்கு பேர் அக்காவின் தலையைத் தூக்கிப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று மாலையே, ஆஸ்பத்திரியில், அக்கா போய்விட்டார்.

மரக்காணத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அடக்கத்துக்கு வந்த நீங்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னீர்கள்: பொறுமைசாலி. கோயில் வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து நம் புரோக்கர் தொழில்காரர்களும் அதையே சொன்னார்கள். ஒருவர் "ஃபீல்டுன்னா இதெல்லாம் சகஜம்பா" என்றார். அவரை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எது சகஜம்? நாம் பொறுத்துக்கொண்டதெல்லாம்தான் சகஜமாகிப் போனது.

முப்பத்தைந்து வயது வரை அக்கா உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். பாதம் வெடித்துப் புண்ணாகி, இனி உப்புத் தண்ணீரில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, வாடகைக்கு வீடு தேடுபவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கத் தொடங்கினார். நான் அப்போது பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். "ஏம்மா கலா, எனக்கு வில்லங்கச் சான்று படிக்கத் தெரியாது, உனக்கு வீட்டுக்காரங்ககிட்ட பேசத் தெரியாது. சேந்து பண்லாமா?" என்று வந்து கேட்டார். பதினோரு வருடம் ஒரே ஸ்கூட்டரில் போனோம். விபத்து நடந்த அன்று பதிவு வேலை இருந்ததால் அவர் மட்டும் போனார்.

ஆள் குடியிருக்கும் வீட்டைக் காட்டுவதில்தான் அவர் யார் என்பது தெரியும். முதல் நாளே போன் செய்து, வீட்டுப் பெண்ணுக்குத் தோதான நேரத்தைக் கேட்பார். கதவு திறந்திருந்தாலும் வெளியில் நின்று கூப்பிட்டு, உள்ளிருந்து பதில் வந்த பிறகுதான் படியேறுவார். வாங்க வந்தவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்வார். "டைல்ஸ் தானே மேடம்" என்று முனகுவார்கள். "டைல்ஸ் தான் சார். காலையில அந்தம்மா தொடச்ச டைல்ஸ்" என்பார்.

பெரிய முதலியார்சாவடியில் ஒரு வீடு. குடும்பத் தலைவர் நோயில் படுத்துவிட்டதால் விற்றார்கள். பார்க்க வந்தவர்கள் ஆறு பேர். ஒருவர் பீரோவைத் திறந்தார். ஒரு பையன் கட்டிலில் படுத்திருந்தவரையும் சேர்த்து வீடியோ எடுத்தான். ஓர் அம்மாள் அடுப்படியில் நின்று, சமைத்துக்கொண்டிருந்த பெண்ணின் முகத்துக்கு நேராகவே, "இத மொத்தமா இடிச்சிடணும், ஒரே புகை நாத்தம்" என்றார். அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அக்கா பையனின் போனைக் கையால் மறைத்தார். பீரோவைச் சாத்தினார். "இடிக்கிறத வெளிய போயி பேசலாம் வாங்க. உள்ள இன்னும் ஆளு இருக்காங்க" என்று ஆறு பேரையும் தெருவுக்குக் கூட்டிவந்தார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதன்பிறகு அவர்கள் எங்களிடம் வேறு வீடு பார்க்கவே இல்லை. போகும்போது, புரோக்கருக்கு இவ்வளவு வாயா என்று அந்த அம்மாள் கேட்டது எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

என் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். உப்பளத்துக்குப் பின்னால் ஒரு வீடு விலைக்கு வந்தது. மழைக்காலத்தில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியாமல் வீட்டுக்காரர் புதிதாக வெள்ளை அடித்திருந்தார். பார்க்க வந்த ஆசிரியத் தம்பதிக்கு வீடு பிடித்துவிட்டது. முன்பணம் கொடுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தச் சுவரைக் காட்டி, "சார், ஐப்பசி மழையில ஒரு தரம் வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார். வீட்டுக்காரர் எங்களைத் திட்டி அனுப்பினார். வழியெல்லாம் நானும் அக்காவைத் திட்டினேன்.

"அவங்க கேக்கவே இல்லியேக்கா. நீயா எதுக்கு எடுத்துக் குடுத்த?"

"கேக்கத் தெரியலம்மா அவங்களுக்கு. நமக்குத் தெரியுதில்ல?"

அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருந்த அந்த ஒரு நாளுக்காக இப்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவருக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். காரில் இடம் இருந்தாலும் ஏற்ற மாட்டார்கள். ஏசி காருக்கு முன்னால் அவர் வெயிலில் ஸ்கூட்டரில் வழி காட்டிப் போவார். சாலையோரத்தில் நிறுத்தி எல்லோரும் இளநீர் குடிப்பார்கள். அவரைக் குடிக்கிறீர்களா என்று கேட்க மாட்டார்கள். இடையஞ்சாவடியில் ஒருவர் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். அக்கா, "வீடு காட்ற ஆளுங்க சார்" என்று சிரித்தபடி சொல்லிப் பூட்டைத் திறந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "விடு கலா. ஆயுசு பூரா சேத்ததக் கொண்டாந்து போடறாங்க, பயம் இருக்கும். பயத்துல வாய் அப்டி இப்டிதான் வரும்" என்றார். அன்றும் நான் அதை ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. பயந்தவன் தன்னைவிடக் கீழே இருப்பதாக நினைக்கும் ஆளிடம் மட்டும் வாயை விடுவானா?

கடைசியாக அவர் காட்டிய வீடு கட்டி முடிக்காத வீடு. மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பவில்லை. மாடியிலிருந்து கடல் தெரியுமா என்று அந்தத் தம்பதிக்குத் தெரிய வேண்டும். படியில் சிமெண்டுத் தூசி. அவர்கள் ஏறவில்லை. அக்காவை ஏறி வீடியோ எடுத்துவரச் சொன்னார்கள். அந்த வீடியோ அவர் போனில் இருக்கிறது. அவருடைய மகள் ஜெனிபரும் நானும் கேட்டோம். பார்த்தோம் என்று சொல்ல முடியவில்லை, கேட்டோம். காற்றுச் சத்தத்துக்கு நடுவே கீழேயிருந்து அந்த ஆளின் குரல்: "இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க. கடல் முழுசா வரட்டும்." அக்கா, "சரிங்க சார்" என்கிறார். பிறகு அவர் குரல் இல்லை.

அதன் நகலைப் புகாரோடு கொடுத்திருக்கிறோம். என்ன ஆகும் என்று தெரியாது. "அந்தம்மாவாதான் ஏறினாங்க" என்று வீட்டுச் சொந்தக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போனேன். மாடியில் கைப்பிடிச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. மூன்று நாளில் முடிகிற வேலை அது.

ஐந்தாம் நாள் அக்காவின் போனுக்கு அந்த ஆளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஜெனிபர் என்னிடம் நீட்டினாள். அந்த இடம் ராசியில்லை போலிருக்கிறது, கடல் தெரிகிற மாதிரி வேறு வீடு இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. நான் அந்த எண்ணுக்கு அழைத்தேன்.

"சார், அன்னிக்கு விழுந்தாங்களே, அவங்க எப்படி இருக்காங்கன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஓ... இப்ப பரவால்லியா மேடம்?"

"செத்துட்டாங்க. அன்னிக்கே செத்துட்டாங்க."

"நாங்க ஆம்புலன்ஸுக்குச் சொன்னோமே மேடம்" என்றார்.

"அவங்க பேரு ஆரோக்கியமேரி. எங்க, ஒரு தரம் சொல்லுங்க."

இணைப்பைத் துண்டித்துவிட்டார். பிறகு எத்தனை முறை முயன்றாலும் அந்த எண்ணுக்கு அழைப்பு போகவில்லை.

அக்காவிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று ஜெனிபர் கேட்டாள். வெளியில் நின்று கூப்பிடுவதை வைத்துக்கொண்டேன். வீட்டுப் பெண்ணிடம் நேரம் கேட்பதை, தண்ணீர் நிற்கும் சுவரைக் கேட்காமலே காட்டுவதை வைத்துக்கொண்டேன். நீங்கள் எல்லோரும் புகழ்ந்தீர்களே, அந்தப் பொறுமையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அது அவரோடு மண்ணுக்குள் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு வீடு காட்டினேன். வந்தவர் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போகும் இரும்பு ஏணியைக் காட்டி, "மேடம், மேல ஏறி ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்களேன், டேங்க் எந்தக் கம்பெனின்னு பாக்கணும்" என்றார். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "கெளம்புங்க சார்" என்றேன்.

"என்ன மேடம், இதுக்குப் போயா இவ்ளோ கோவம்?"

"ஆமா சார். இதுக்குத்தான்."