ராயபுரம் முதல் எண்ணூர் வரை, ஒரு பீடிக்காக

மெட்ராஸுக்கு வருகிறவர்கள் மெரினாவைப் பார்ப்பார்கள், மிருகக்காட்சிச்சாலையைப் பார்ப்பார்கள், ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு வாய்த்த மெட்ராஸ் வேறு. அந்த ஊரின் வடகோடியில், ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை, ஒரே ஒரு பீடிக்காக அலைந்துவிட்டு வந்தேன். நான் பீடி குடிக்கிறவன் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி, காலை ஏழு மணி. தூத்துக்குடி ரயிலிலிருந்து எழும்பூரில் இறங்கினேன். ராயபுரத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் இரண்டு ரூபாய் கேட்டார். பேரம் பேசும் மனநிலையில் நான் இல்லை. "உடனே வா" என்று தங்கை லூர்து அடித்த தந்தி சட்டைப்பையில் இருந்தது. பாலத்தைத் தாண்டியதும் கடல் வாடையும் கரி வாடையும் கலந்து முகத்தில் அடித்தன. மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. சந்துக்குள் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. லூர்துவின் வீட்டு நட்சத்திரத்தில் மட்டும் விளக்கு போடவில்லை.

அவள் கணவர் சேவியர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். சோடா கம்பெனியில் வண்டிக்காரர். மூன்று சக்கர வண்டியில் கோலி சோடா பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை பெட்டிக்கடை பெட்டிக்கடையாக இறக்குவதுதான் வேலை. தோள் அப்படி இருக்கும். இப்போது போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. நுரையீரல் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துக் கேட்டதைக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்களாம்.

"வா மச்சான்" என்றார். மூச்சு வாங்கி, கொஞ்சம் பொறுத்து, "ஒரே ஒரு பீடி வாங்கியாந்து குடேன். வேற ஒண்ணும் வோணாம்" என்றார்.

நான் தங்கையைப் பார்த்தேன். "வாங்கிட்டு வாண்ணே, இனிமே என்ன கெட்டுப்போகப் போவுது" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அழத்தான் போனாள்.

ஒன்பது மணி. தெருமுனைக் கடை அண்ணாச்சி சாத்தான்குளத்துக்காரர், எங்கள் சீமை ஆள். அந்த உரிமையில் ஊர்க்கதை ரெண்டு பேசிவிட்டு, "ஒரு கட்டு பீடி தாங்க, மாப்பிள்ளைக்கு" என்றேன்.

எடுத்த கட்டை அவர் திரும்ப உள்ளே வைத்தார். "சேவியருக்கா? தர மாட்டேன் தம்பி. அவன் சொல்லி வச்சிருக்காம்லா."

இந்தச் 'சொல்லி வைப்பது' என்ன என்பதை வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். புத்தாண்டு பிறந்தால் நம் ஊர்களில் தீர்மானம் எடுப்போம், பொங்கலுக்குள் மறந்துவிடுவோம். இந்தத் தெருவில் அது நடக்காது. புத்தாண்டுப் பூசை முடிந்ததும் அவரவர் தீர்மானத்தை அதற்கான கடையில் போய்ச் சொல்லி வைப்பார்கள். அதோடு அது கடைக்காரர் பொறுப்பு. சினிமா பார்ப்பதை விட்டுவிடுகிறேன் என்று ஒருத்தி தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவரிடம் சொல்லி வைக்க, அவர் வருஷம் முழுக்க அவள் தலையைக் கண்டாலே ஜன்னலைச் சாத்தினாராம். தினமும் காசிமேடுவரை நடப்பேன் என்று சொன்ன பெரியவருக்கு இந்தப் பக்கம் எந்த டீக்கடையிலும் காலை டீ கிடையாது. காசிமேட்டுக்குப் போனால்தான் கிளாஸைக் கழுவுவார்கள். பாவமன்னிப்புக் கேட்டுச் சாமியாரிடம் சொன்னால் அடுத்த வாரமே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, கடையில் சொன்னால் நிற்கிறது என்பது இவர்கள் கணக்கு.

சேவியருக்கு ஒரு கடையில் சொன்னால் போதாது. சோடா வண்டிக்காரர் பெட்டியை இறக்கி வைத்தால் கடைக்காரர் ஒரு பீடி நீட்டுவது இந்தத் தடத்தில் மரியாதை. அந்த மரியாதைதான் அவர் நெஞ்சைத் தின்றது. லூர்து அழுத அழுகைக்காகப் போன ஜனவரி முதல் தேதி வெறும் வண்டியை மிதித்துக்கொண்டு எண்ணூர்வரை போய், ஒவ்வொரு கடையிலும் சொல்லி வைத்துவிட்டு வந்தாராம். தனக்கும் கொடுக்கக் கூடாது, தனக்காக யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. ஒரு வருஷத்துக்கு. அதற்குள் நோய் முந்திக்கொண்டது.

"இன்னும் நாலு நாளுதான். ஒண்ணாந்தேதி விடிஞ்சதும் நானே கொண்டாந்து அவன் கையில தாரேன்" என்றார் அண்ணாச்சி.

"நாலு நாள் தாங்காது அண்ணாச்சி."

அவர் மிட்டாய் பாட்டில் மூடியைத் துணியால் துடைத்தார். துடைத்த மூடியையே மறுபடியும் துடைத்தார். "தாங்கும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாகப் போகிறவன் வாய் திறந்து கேட்பது ஒரு பீடி, அதற்கு இத்தனை சட்டமா? இந்தக் கடை இல்லாவிட்டால் ஊரில் வேறு கடையே இல்லையா என்று கிளம்பிவிட்டேன்.

தண்டையார்பேட்டையில் இரண்டு கடையில் இதே கதை. பதினொரு மணிக்குத் திருவொற்றியூர் தேரடியில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். ராயபுரத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர், டிக்கெட் முப்பது காசு. வழியெல்லாம் ஒரு பக்கம் ஆலைச் சுவர், மறுபக்கம் அலை. தேரடியில் கடை வைத்திருந்த பெண் பெயர் மல்லிகா. இந்தத் தடவை மாப்பிள்ளை பேச்சையே எடுக்கவில்லை.

"ஒரு கட்டு பீடி தாங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சேவியரு அண்ணன் மச்சான்தான நீ?"

"எப்படித் தெரியும்?"

"இப்பத்தான் சோடா வண்டி போச்சு. தூத்துக்குடிக்காரு ஒருத்தரு பீடி கேட்டுகினு வருவாரு, குடுத்துடாதன்னு ராயபுரத்து அண்ணாச்சி சொல்லி வுட்டுகிறாரு" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "வூட்ல எப்டி கீறாரு?"

சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பீடிக் கட்டுகள் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. தொடவில்லை. கோயில் விபூதியை ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் வைத்து, "மாதா கோயிலுக்குப் போற வூடுன்னா இன்னா, நெத்தில வையி" என்றாள்.

எண்ணூரில் இறங்கும்போது மணி ஒன்று. அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தலைக்குமேல் நின்றன. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு பாய் கடை. இங்கே துணிந்து பொய் சொன்னேன்.

"எனக்குத்தான் பாய்."

"உனுக்கா? குந்து தம்பி. ஒண்ணு பத்த வையி, பாக்கலாம்" என்று தன் பீடி ஒன்றை நீட்டினார். எந்த முனையை வாயில் வைப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒருவழியாகப் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்ததும் கண்ணில் நீர் கொட்டி, இருமி, பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டேன். பாய் பீடியைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தார். தண்ணீர் கொடுத்தார். முதுகைத் தடவினார். "சேவியருக்குத்தான? மன்னிச்சுக்கோ தம்பி. வாக்கு குடுத்துக்கினேன்" என்றார்.

வெறுங்கையோடு திரும்ப மனமில்லை. கால் போன போக்கில் முகத்துவாரக்குப்பம்வரை நடந்தேன். ஆறும் கடலும் சேரும் அந்த இடத்தைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஆட்கள் வருவார்களாம். நான் எதையும் பார்க்கவில்லை. மணலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். வாயில் பீடி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சோடாக்காரு சேவியரா?" என்றார். "தல மேல கூடையோட நான் நடந்தா, வண்டில ஏத்தினு போயி மார்க்கெட்டாண்ட எறக்குவாரே." ஒரு கருவாட்டைத் திருப்பிப் போட்டார். "நான் கடை வெக்கல. எங்கிட்ட அவரு சொல்லியும் வெக்கல" என்று மடியிலிருந்து ஒரு பீடி எடுத்துத் தந்தார். "அவரு கைல குடு. பத்த வெக்கறதா வோணாமான்னு அவரே பாத்துக்கட்டும்."

மாலை நான்கரைக்கு ராயபுரம். விபூதியை லூர்து வாங்கி அவர் நெற்றியில் வைத்தாள். பீடியை நான் கையில் வைத்தேன். தீப்பெட்டியை எடுத்தேன்.

"எந்தக் கடைல வாங்கின மச்சான்?"

"கடையில கிடைக்கல. குப்பத்துல ஒரு அம்மா தந்தாங்க."

"அண்ணாச்சி?"

"தரல."

"தேரடி மல்லிகா?"

"விபூதிதான் தந்துச்சு."

"எண்ணூரு பாய்?"

"என்னைக் குடிக்க வச்சு மானத்தை வாங்கிட்டாரு."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, லூர்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்படி ஆனது. இருமல் அடங்கியதும் கூரையைப் பார்த்தபடி கேட்டார்: "ஒருத்தங்கூடவா குடுக்கல?"

"ஒருத்தர்கூட."

கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "வண்டி மிதிக்கறவன் நான். என் பேச்சுக்கு இம்மாம் மருவாதி கீது பாரு, லூர்து" என்றார். பீடியை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். தலையணைக்கு அடியில் வைத்தார். "ஒண்ணாந்தேதி பாத்துக்கலாம்."

முப்பதாம் தேதி மதியம் சேவியர் போய்விட்டார். தலையணைக்கு அடியில் பீடி அப்படியே இருந்தது. மறுநாள் காசிமேட்டுக் கல்லறைக்குக் கொண்டுபோனோம். சோடா பெட்டி இறக்கும் தடம் முழுக்கக் கடை அடைத்துவிட்டு வந்து நின்றது. பாயும் வந்தார், மல்லிகாவும் வந்தாள். நான் யார்மேலும் கோபப்படவில்லை. கோபப்பட நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை.

ஜனவரி முதல் தேதி, காலை ஆறு மணி. கதவைத் திறந்தால் அண்ணாச்சி வாசலில் நிற்கிறார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு புதுக் கட்டு பீடி. "சொன்ன தேதிக்குக் கொண்டாந்துட்டேன்" என்றார். தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். லூர்து இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை ரயில். தூத்துக்குடி வந்து சேர்ந்து, வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் தெருமுனைக் கடையில் நின்றேன். வெற்றிலையும் புகையிலையும் கேட்டேன். புகையிலையை விடச் சொல்லி டாக்டர் எனக்கும் சொல்லியிருக்கிறார், நானும் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நான் கேட்டு முடிப்பதற்குள் கடைக்காரர் எடுத்து நீட்டிவிட்டார். எங்கள் ஊரில் நான் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள். அது இவ்வளவு துக்கமான விஷயம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.