பயத்தில் கேட்ட எண்கள்

போன வாரம் ஒரு மதிய வேளை. நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழிப் பண்ணையில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். வியர்த்துக் கொட்டியது வெயிலாலா, பயத்தாலா... இன்னும் தெரியவில்லை.

கோழிப் பண்ணையில் உனக்கென்ன வேலை என்கிறீர்களா? நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவள் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நாலு பக்கமும் அடைத்த கோழிக் கொட்டகையில், சூடு ஏற ஏற ஃபேன்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ஓடுவது என்னுடைய புரோகிராம்.

பண்ணைக்காரர் பழனியம்மாள் அக்கா காலையிலேயே போன் செய்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, ரெண்டு நாளா ஃபேனுங்க லேட்டா எந்திரிக்குதுங்க. சுச்சுக்கிட்ட ஆள நிறுத்திக் கையிலதான் போடறோம். எத்தன நேரத்துக்குங்க ஒருத்தரு நிக்கறது?"

சித்திரை வெயிலில் ஃபேன் தாமதமானால் உள்ளே இருக்கிற ஆயிரக்கணக்கான கோழிகளும் சூட்டிலேயே செத்துப்போகும். உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

புரோகிராம் எங்கே திணறுகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிராசஸருக்குள்ளேயே கவுன்ட்டர்கள் இருக்கின்றன. எத்தனை கட்டளை முடிந்தது, கேட்ட தகவல் பக்கத்தில் கிடைக்காமல் எத்தனை முறை மெமரி வரை ஓட வேண்டியிருந்தது என்றெல்லாம் அவை எண்ணும். பயத்தில் நான் என்ன செய்தேன்? இது வேண்டும், அது வேண்டாம் என்றில்லாமல் அத்தனை கணக்கையும் ஒரே நேரத்தில் கேட்டேன்.

வந்த எண்களில் ஒரு குறையும் தெரியவில்லை.

"ஒண்ணும் பிரச்சினை இல்லைங்கக்கா. ஆட்டோவுல போடுங்க, தானா ஓடட்டும்" என்றேன்.

போட்டார். சூடு ஏறியது. அடுத்த ஃபேன் வரவேண்டும்... வரவில்லை. கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு இரைக்கத் தொடங்கின.

"அய்யோ அம்மிணி!" — அக்கா ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினார். எல்லா ஃபேனும் ஒன்றாகச் சுழன்றன. என் வார்த்தையை நம்பித்தானே போட்டார்?

திரும்பவும் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு சதவீதம். ஓடிய நேரத்தில் எவ்வளவு பங்கு உண்மையாகவே எண்ணப்பட்டது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. பிராசஸருக்குள் இருப்பதே சில கவுன்ட்டர்கள்தான். அளவுக்கு மேல் கேட்டால் முறை வைத்து, மாற்றி மாற்றி எண்ணும். எண்ணாத நேரத்துக்குக் குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டு நிரப்பிவிடும். புரோகிராம் திணறிய அந்தக் கொஞ்ச நேரம் சரியாக அதில் மறைந்துபோயிருந்தது. குத்துமதிப்பை நம்பி உயிர்களோடு விளையாடியிருக்கிறேன்!

இந்த முறை மெமரிக் கணக்கை மட்டும் கேட்டேன். சீராக வந்துகொண்டிருந்த எண் திடீரென்று எகிறியது. எகிறும்போதெல்லாம் பெட்டியில் இன்னொரு வேலையும் ஓடியது — கொட்டகையைப் போனில் நேரலையாகக் காட்டுகிற கேமரா. படம் அனுப்ப அது மெமரியை அடைத்துக்கொள்ள, என் புரோகிராம் தன் முறைக்குக் காத்துக் கிடந்திருக்கிறது.

"கேமராவ யாருங்கக்கா பாக்கறாங்க?"

"பெங்களூர்ல பையன், திருப்பூர்ல புள்ள, மாப்ள... வெயிலு இந்தப் போடு போடுதுன்னு பயந்துக்கிட்டு எல்லாரும் அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கறாங்க. நானுந்தானுங்க."

சொன்ன கையோடு பையனைப் போனில் பிடித்தார். "பாக்காதீங்க சாமி! நீங்க பாக்கறதுலதான் கோழி வேகுது!"

மறுபடியும் ஆட்டோ. இந்தத் தடவை 'போடுங்க' என்று சொல்லாமல், 'போட்டுப் பாக்கலாங்களாக்கா?' என்றேன். சூடு ஏறியது. அக்கா சுவிட்சில் கை வைத்தபடியே நின்றார். ஒரு ஃபேன் வந்தது... அடுத்ததும் வந்தது.

பயம் வந்துவிட்டால் நமக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும், இல்லையா? நான் பயந்து எல்லா எண்ணையும் கேட்டேன். அந்தக் குடும்பம் பயந்து எந்நேரமும் படத்தைக் கேட்டது. பார்ப்பதும் ஒரு வேலைதான், அதையும் அந்தச் சின்னப் பெட்டிதான் செய்ய வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை.

கேமராவுக்குத் தனிப் பெட்டி சொல்லியிருக்கிறோம். அது வரும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்று ஏற்பாடு. மறுநாள் உச்சி வெயிலில் மனசு கேட்காமல் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கொட்டாய்க்குள்ளயேதானுங்க நிக்கறேன்" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க அம்மிணி... கண்ணால பாத்தா ஒண்ணும் ஆவாதுங்களே?"