சேலைக்குள் சுருண்ட கடிதம்

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் உப்பளக் கணக்கராக இருந்த நண்பருக்கும் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்த எனக்கும் நான்கு வருடக் கடிதப் பழக்கம். நேரில் பார்த்ததே இல்லை. அதனால்தானோ என்னவோ, யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவருக்கு எழுதுவேன்.

அன்று முதலாளி வீட்டுத் தறியில் உட்கார்ந்தபடியே எழுதினேன். "எங்கள் முதலாளி நடந்தால் கோயில் யானை வருவதுபோல் இருக்கும். யானையாவது ஆசீர்வாதம் பண்ணும்" என்று முடித்து, முகவரியும் எழுதியாயிற்று. வாசலில் அதே யானையின் காலடி! இன்லேண்டு கடிதத்தை மடித்து, நெய்த சேலையைச் சுருட்டும் மரத்தில் செருகிவிட்டுப் பரம சாதுவாக நெய்தேன். சேலை அதன்மேல் சுருண்டுகொண்டே போனது. கடிதத்தை மறந்தே போனேன்.

மூன்றாம் நாள் சேலையை அறுத்து, சுருளோடு முதலாளியிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். முதல் கவளத்தில் ஞாபகம் வந்தது.

"இன்னாய்யா, சோத்தைக் கையில வச்சிக்கினு சாமி கும்புடுறே?" என்றாள் மனைவி.

வேலை போனால் வேறு தொழில் தெரியாது. ஓடினேன். முதலாளி சேலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு குத்தமும் இல்லப்பா. அடுத்த சேலைக்குப் பாவு நூலைத் தறியில ஏத்து."

அவ்வளவுதான். கடிதத்தைக் காணோம். பத்து நாள், அவர் தும்மினாலும் நான் தறிக்குழியிலிருந்து எழுந்து நின்றேன்.

பிறகு நண்பரின் பதில் வந்தது. என் கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தார்: "அந்த யானை நான்தான். உங்கள் சிநேகிதர் நல்ல நெசவாளி. உங்களுக்குச் சேரவேண்டிய கடிதம் என்பதால் தபாலில் போடுகிறேன்."

முதலாளி கடைசிவரை அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதன்பிறகும் அவரைப் பற்றி நண்பருக்கு எழுதினேன். ஆனால் ஒவ்வொரு முறையும், அவரும் படித்துவிட்டு அடியில் இரண்டு வரி எழுதப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.